ரேணுகாவின் இடது கண்

என் மகளின் கண்ணை நான்தான் கெடுத்தேன் என்று நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அந்த நாட்களில் நான் கோயிலுக்குள் போகமாட்டேன். வாசலோடு நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். அம்மன் முகத்தை நேராகப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. அப்படிப்பட்ட எனக்கும் அவள் இரங்கினாள். எப்படி இரங்கினாள், யார் வழியாக இரங்கினாள் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். படிக்கிற அடியார்கள் இதில் என் பக்தியைத் தேட வேண்டாம். பெரிதாக ஒன்றும் இல்லை. பயம்தான் இருந்தது.

என் பெயர் அஞ்சலை. பிறந்தது மலாயாவில், ஒரு ரப்பர் தோட்டத்தில். கல்யாணமாகி மலாக்கா டவுனுக்கு, காஜா பேராங்குக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் முனிசிபலில் தண்ணீர்க் குழாய் பதிக்கும் வேலையில் இருந்தார். செட்டி மக்கள் குடியிருக்கிற கம்போங் செட்டி ஓரமாக ஒரு பலகை வீட்டில் பாதியை வாடகைக்கு எடுத்திருந்தோம். ஐந்து வருஷம் பிள்ளை இல்லை. அம்மனிடம் அழுது கேட்டேன். 1956-ஆம் வருஷம், தீபாவளி முடிந்த சில நாளில் ரேணுகா பிறந்தாள். அம்மன் பெயரையே வைத்தோம்.

பிறந்தபோது முகம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. இரண்டாவது வாரம் இடது கண்ணின் மேல் இமையில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. கொசு கடித்திருக்கும் என்று விளக்கெண்ணெய் தடவினேன். புள்ளி போகவில்லை. மாதம் திரும்புவதற்குள் அது தடித்தது. அடுத்த மாதம் மேடாயிற்று. பார்க்கப் பழுத்த பழம் மாதிரி, சிவப்பாக, பளபளவென்று, மேலே பொடிப்பொடியாக மணி கோத்த மாதிரி இருக்கும். குழந்தை அழுதால் அது இன்னும் ரத்தம் கட்டிக் கறுக்கும். அவள் அழக்கூடாது என்பதற்காகவே நான் அவளைக் கீழே விடாமல் இடுப்பில் வைத்திருந்தேன்.

என் பெரிய நாத்தனார் செங் பக்கம் தோட்டத்தில் இருந்தார். குழந்தையைப் பார்க்க வந்தவர், துணியை விலக்கிப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார்.

“கெரகணத்தன்னிக்கு நீ என்னடி செஞ்ச?”

“ஒண்ணும் செய்யல அண்ணி. உள்ளதான் படுத்திருந்தேன்.”

“படுத்திருந்தியா, இல்ல கண்ணு கிண்ணு கசக்கினியா? நல்லா யோசிச்சுச் சொல்லு.”

நான் யோசித்தேன். ரேணுகா வயிற்றில் மூன்று மாதமாக இருந்தபோது ஒரு சந்திர கிரகணம் வந்தது. மாசமாக இருக்கிறவள் வெளியே வரக்கூடாது, எதையும் வெட்டக்கூடாது, உடம்பைச் சொறியக்கூடாது என்று தெரியும். உள்ளேதான் இருந்தேன். ஆனால் அன்று சாயங்காலம் ஈர விறகு வைத்து அடுப்பு மூட்டியதில் வீடெல்லாம் புகை. கண் எரிந்தது. கசக்கியிருப்பேன். கிரகணம் பிடித்த பிறகா, அதற்கு முன்னாலா, எந்தக் கண், எதுவும் நினைவில்லை. ஆனால் அண்ணி கேட்ட அந்த நிமிஷத்திலிருந்து அது இடது கண்தான் என்று என் மனது முடிவு செய்துவிட்டது.

“கசக்கினேன் அண்ணி” என்றேன்.

அண்ணி நிமிர்ந்து என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் எழுந்து வெளியே போனார். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் நான் கோயிலுக்குள் போவதை நிறுத்தினேன். அழுது கேட்டு வாங்கின பிள்ளை. கொடுத்தவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? கடைத்தெருவுக்குப் போகும்போது குழந்தையின் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்வேன். யாராவது எட்டிப் பார்த்தால் திரும்பிக்கொள்வேன். பெற்ற பிள்ளையை மறைக்கிறோமே என்று அதற்கும் வீட்டுக்கு வந்து அழுவேன்.

எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி மீனாச்சி அக்கா இருந்தார். செட்டிக் குடும்பம். பல தலைமுறைக்கு முன்னால் வந்தவர்கள். சாமி நம் சாமி, கோயில் நம் கோயில், ஆனால் பேச்சு மலாய்தான். இடையில் நம் சொல் ஒன்றிரண்டு வரும். கெபாயா சட்டையும் கைலியும் உடுத்தி, நெற்றியில் திருநீறு வைத்திருப்பார். எனக்குக் கடைத்தெருவில் பேசுகிற பசார் மலாய் தெரியும் என்பதால் இருவரும் பேசிக்கொள்வோம். அவர் பேசியதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவருடைய மகள் சாந்திக்கு அப்போது ஏழு வயது. அம்மாவை ‘மாக்’ என்று கூப்பிடுவாள். அந்தப் பிள்ளையின் முகத்தில் வலது பக்கம் முழுவதும், நெற்றியிலிருந்து தாடை வரை, கருஞ்சிவப்பாக ஒரு படலம் இருந்தது. மேடு கிடையாது. பிறக்கும்போதே இருந்ததாம். முடியை அந்தப் பக்கமாகவே முன்னால் விட்டு வாரியிருப்பாள். பேசும்போது தரையைப் பார்த்துத்தான் பேசுவாள். நான் அவளை உற்றுப் பார்த்ததில்லை. என் பிள்ளையை உற்றுப் பார்க்கிறவர்களை எனக்குப் பிடிக்காது என்பதால், அவளையும் பார்க்காமலே இருந்தேன்.

மெர்டேக்கா வந்தது, நாட்டுக்குச் சுதந்திரம். 1957 ஆகஸ்ட் கடைசி. ஊரெல்லாம் கொடி, தோரணம். விழாத் திடல் இருந்த பண்டார் ஹிலிர் பக்கம் போகிற சனம் காலையிலிருந்தே தெருவில் நடந்தபடி இருந்தது. எல்லார் முகத்திலும் புதுத்துணி உடுத்தின களை. நான் ரேணுகாவைப் பாயில் விட்டுவிட்டு அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவளுக்குப் பத்து மாதம். தவழ்வாள். திரும்பிப் பார்க்கும்போது அவள் கையெல்லாம் சிவப்பாக இருந்தது. நகம் பட்டு இமை மேலிருந்த மேடு கிழிந்துவிட்டது. ரத்தம் கன்னத்தில் வழிந்து கழுத்துக்கு வந்து சட்டையை நனைத்திருந்தது. அவள் அழக்கூட இல்லை. கையைத் தரையில் தட்டி விளையாடிக்கொண்டிருந்தாள்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. மீனாச்சி அக்கா ஓடி வந்தார். என்னைத் தள்ளிவிட்டுக் குழந்தையை மடியில் போட்டு, சுத்தமான துணியை மடித்து இமை மேல் வைத்து அழுத்தினார்.

“எடுத்து எடுத்துப் பாக்காத. அழுத்திப் பிடிக்கணும். வா, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.”

ரிக்‌ஷா எதுவும் கிடைக்கவில்லை. எல்லாம் விழாக் கூட்டத்துக்குப் போய்விட்டது. நடந்தோம். அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு, துணியை அழுத்தின விரலை எடுக்காமலே நடந்தார். சாந்தி பால் புட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தாள். எதிரே வந்தவர்கள் வெற்றிக் கோஷம் போட்டுக்கொண்டு போனார்கள். என் காலில் செருப்பு இல்லை என்பது ஆஸ்பத்திரி வாசலில் சிமெண்டு சுட்டபோதுதான் தெரிந்தது.

அன்று வேலையில் இருந்தவர் ஒரு டாக்டரம்மா. யாழ்ப்பாணத்துக்காரர். நடுத்தர வயசு, மெல்லிய குரல். அக்காவின் விரலை மெதுவாக விலக்கிப் பார்த்தார். ரத்தம் நின்றிருந்தது.

“ஆர் இப்பிடி அமர்த்திப் பிடிச்சது? சரியாச் செய்திருக்கிறியள்” என்றார். பிறகு என்னிடம் திரும்பினார். “பயப்பிடாதேங்கோ அம்மா. இதில ரத்தம் வந்தாப் பாக்கப் பயமாத்தான் இருக்கும். அமர்த்தினா நிண்டிடும்.”

“இது என்ன டாக்டரம்மா?”

“ரத்தக் குழாயள் ஒரு இடத்தில கூடிப் பெருகிப் போச்சு. சில பிள்ளையளுக்குப் பிறந்து கொஞ்ச நாளில வரும். ஒரு வயசு மட்டும் வளரும். பிறகு தன்பாட்டில வெளிறிச் சுருங்கும். பள்ளிக்கூடம் போற வயசில அனேகமாப் போயிடும்.”

எனக்குப் புரியவில்லை. “மருந்து?”

“மருந்து வேண்டாம். எரிக்கவும் வேண்டாம், கீறவும் வேண்டாம். பொறுத்திருக்க வேணும்.” மறுபடியும் இமையைத் தொட்டுப் பார்த்தார். “ஆனா ஒண்டு. இது இமையில இருக்கு. இப்ப கண் பாதிக்கு மேல மூடிக் கிடக்கு. முழுசா மூடிப் போச்செண்டா அந்தக் கண்ணுக்குப் பார்க்கப் பழக்கம் வராது. பிறகு கட்டி போனாலும் பார்வை வராது. அப்பிடி மூடினா சிங்கப்பூருக்கு அனுப்பி ரேடியம் வைக்க வேண்டி வரும். கண்ணுக்குப் பக்கத்தில அதை வைக்க எனக்கு விருப்பமில்லை. கதிர் என்ன செய்யும் எண்டு இப்ப சொல்லேலாது.”

நான் கேட்டுவிட்டேன். “கெரகணத்தப்ப நான் கண்ணைக் கசக்கினேன். அதனாலதானே?”

அவர் சிரிக்கவில்லை. “இல்லையம்மா. நீங்கள் ஒண்டும் செய்யேல்லை” என்று மட்டும் சொன்னார். நான் நம்பவில்லை. படித்தவர்கள் ஆறுதலுக்குச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. மீனாச்சி அக்கா சாந்தியை முன்னால் தள்ளி, “இவளுக்கும் அது போயிடுமா?” என்று மலாயில் கேட்டார். டாக்டரம்மா சாந்தியின் முடியை ஒதுக்கினார். கொஞ்ச நேரம் பார்த்தார். முடியைத் திரும்ப இருந்தபடியே விட்டார்.

“இது வேறு வகை. இது சுருங்காது. இப்போது எங்களிடம் இதற்கு வழி இல்லை” என்று மலாயில் சொன்னார். மன்னிப்புக் கேட்கிற குரல்.

ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், இரண்டு தாய்மார்கள். ஒருத்திக்குப் போய்விடும் என்றார்கள். ஒருத்திக்குப் போகாது என்றார்கள். சாந்தி தன் காதால் அதைக் கேட்டாள். “தா அப்பா” என்றார் அக்கா, பரவாயில்லை என்று. சொல்லிவிட்டு என் குழந்தையின் கழுத்தில் காய்ந்திருந்த ரத்தத்தை எச்சில் தொட்டுத் துடைத்தார்.



டாக்டரம்மா ஒரு வேலை கொடுத்திருந்தார். தினமும் கொஞ்ச நேரம் ரேணுகாவின் நல்ல கண்ணைத் துணியால் கட்டி வைக்க வேண்டும். அப்போதுதான் இடது கண் இருக்கிற இடைவெளி வழியாகப் பார்க்க முயலும். கேட்க லேசாக இருந்தது. செய்வது வேறு. வலது கண்ணைக் கட்டியதும் குழந்தைக்கு உலகமே மறைந்துவிடும். கையை நீட்டி என்னைத் தேடும். நான் எதிரே உட்கார்ந்திருப்பேன். என் குரல் கேட்கும், முகம் தெரியாது. வீறிட்டு அழும். அழுதால் மேடு கறுத்து இன்னும் வீங்கும். ஒரு கண்ணைக் கசக்கிக் கெடுத்தவள், மிச்சமிருக்கிற கண்ணையும் கட்டுகிறாள் என்று என்னை நானே சொல்லிக்கொள்வேன்.

தீபாவளி நெருங்கும்போது இமை இன்னும் இறங்கியது. ஒரு கீற்றுதான் மிச்சம். காலையில் அவள் விழித்ததும் நான் முதலில் பார்ப்பது அந்தக் கீற்றைத்தான். அதில் கறுப்பு தெரிகிறதா? தெரிந்தால் அன்றைக்கு மூச்சு வரும்.

அந்தச் சமயத்தில் அண்ணி ஒரு செய்தியோடு வந்தார். டவுனில் ஒரு தனி வைத்தியர் இருக்கிறாராம். நீல வெளிச்சம் அடிக்கிற விளக்கு வைத்திருக்கிறாராம். அந்த விளக்கின் கண்ணாடியைத் தோலோடு சேர்த்து அழுத்தி வெளிச்சம் பாய்ச்சினால் ரத்தக் குழாய் செத்துப்போய்க் கறை உதிர்ந்துவிடுமாம்.

“சும்மா பாத்துக்கிட்டே இருங்கன்னு சொல்றதுக்கு ஒரு டாக்டரா? கண்ணு மூடிக்கிட்டு வருது, இவ பொறுமையா இருக்கா” என்றார்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். அன்று பேசினார். “என்னால பாக்க முடியல, அஞ்சல. ஏதாச்சும் செய்யணும். புதன்கிழமை கூட்டிட்டுப் போவோம்.”

“டாக்டரம்மா எரிக்க வேணாம்னு சொன்னாங்களே.”

“அது நெருப்பா? வெளிச்சம்தானே.”

நான் எதிர்த்துப் பேசவில்லை. பேச எனக்கு என்ன உரிமை என்று தோன்றியது. நான் கெடுத்த கண்ணை அவர்கள் சரிசெய்யப் பார்க்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். அத்தனை மாதத்துக்குப் பிறகு வாசலைத் தாண்டினேன். குருக்கள் இல்லை. சன்னதியில் விளக்கு மட்டும் எரிந்தது. அம்மனுக்கு மஞ்சள் பூசியிருந்தார்கள். நான் விழுந்து கும்பிடவில்லை, தேவாரம் பாடவில்லை. குழந்தையின் முகத்துத் துணியை எடுத்துவிட்டு அவளைக் காட்டினேன்.

“நான் செஞ்சது தப்புன்னா என் கண்ணை எடுத்துக்க. இவளுக்கு முழுசா குணமாக்குன்னுகூட நான் கேக்கல. அந்தக் கீத்து மூடாம இருந்தா போதும், உனக்குப் பால்குடம் எடுக்கிறேன். நாளைக்குப் போகவா, வேணாமா? எனக்குத் தெரியல. நீ சொல்லு. எனக்குப் புரியிற மாதிரி சொல்லு.”

அவ்வளவுதான். மணி அடிக்கவில்லை, பூ விழவில்லை. அம்மன் பேசாமல் இருந்தாள். கேட்காமலே இருந்திருக்கலாம் என்ற வெறுமையோடு வெளியே வந்தேன்.

கோயில் மதில் ஓரமாக மீனாச்சி அக்கா வந்துகொண்டிருந்தார். கையில் மீன் கூடை. “கோயிலுக்கு உள்ளயா போன?” என்று ஆச்சரியமாகக் கேட்டார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நாளைக்கு நீல விளக்கு வைக்கப் போகிறோம் என்றேன்.

அவர் கூடையைத் தரையில் வைத்துவிட்டார். என் மணிக்கட்டைப் பிடித்தார். “ஜாங்ஙான்” என்றார். வேண்டாம் என்று. திரும்பவும், “ஜாங்ஙான், அஞ்சல.”

வீட்டுக்கு இழுத்துப் போனார். சாந்தி உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அக்கா அவள் பக்கத்தில் மண்டியிட்டு, காதில் ஏதோ கேட்டார். சாந்தி என்னைப் பார்த்தாள். பிறகு அவளே முடியை ஒதுக்கிக் காட்டினாள்.

கருஞ்சிவப்புக்கு நடுவில், காதுக்கு முன்னால், வட்ட வட்டமாக வெள்ளைத் தழும்புகள். தோல் அங்கே மெழுகு மாதிரி சுருங்கி இழுத்திருந்தது. அதனால்தான் அந்தப் பிள்ளை சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் சிரிக்கும். கூச்சம் என்று நான் நினைத்திருந்தேன்.

“அதே விளக்கு” என்றார் அக்கா. “அஞ்சு வயசுல. ஒவ்வொரு வாரமும் கூட்டிட்டுப் போனேன். கொப்புளம் வந்தா நல்லது, கறை வெளிய வருதுன்னாங்க. இவ கத்துவா. நான்தான் கை ரெண்டையும் பிடிச்சிருந்தேன். ‘மாக், விடு, மாக், விடு’ன்னு கத்துவா. நான் விடல. கறையும் போகல.”

யாரிடமும் அவர் இதைச் சொன்னதில்லை. ஊரில் எல்லாரும் அந்தத் தழும்பும் பிறவியிலேயே வந்தது என்று நினைத்திருந்தார்கள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். சாந்தியையும் கூட்டி வந்தார். என் வீட்டுக்காரர் முன்னால் அந்தப் பிள்ளை மறுபடியும் முடியை ஒதுக்கினாள். அவர் பார்த்தார். புதன்கிழமைக்காகத் தங்கியிருந்த அண்ணியும் பார்த்தார். “கன்னத்திலயே இப்படி. கண்ணு மேல வச்சா?” என்று அக்கா கேட்டார். அவர்கள் போனபின், என் வீட்டுக்காரர் ரேணுகாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, “போக வேணாம்” என்றார். அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கிரகணத்தைப் பற்றி அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவே இல்லை.

புரியிற மாதிரி சொல்லு என்று கேட்டேன். கோயில் மதிலைத் தாண்டுவதற்குள் சொல்லிவிட்டாள். ஆனால் அதைச் சொல்ல அவளுக்கு ஒரு குழந்தையின் வெந்த கன்னம் தேவைப்பட்டது. இதை நினைக்கும்போது நன்றி சொல்லக் குவிந்த கை அப்படியே நின்றுவிடும்.

புதன்கிழமை வழக்கம்போல நல்ல கண்ணைக் கட்டினேன். காத்திருந்தோம். அந்தக் கீற்று மூடவில்லை. பெரிதாகவும் இல்லை, ஆனால் மூடவில்லை. ரேணுகாவுக்கு ஒரு வயது கடந்தது. ஒரு நாள் கண்ணைக் கட்டிவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். அவள் அழவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, மோவாயை உயர்த்தி, அந்தச் சின்ன இடைவெளி வழியாக எதையோ பார்த்தாள். பிறகு கையை நீட்டி என் மூக்குத்தியைச் சரியாகப் பிடித்தாள். என் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். “என்னங்க, பாக்குறா! என்னைப் பாக்குறா!” என்று கத்தினேன். அவர் ஒரு கால் செருப்போடு ஓடி வந்து தன் விரலை நீட்டினார். அதையும் பிடித்தாள்.

பொங்கல் கழிந்து, மேட்டின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. அழுகுகிறதோ என்று பயந்து ஓடினேன். டாக்டரம்மா ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். முதல் தடவையாகச் சிரித்தார்.

“வெளிறத் துவங்கிட்டுது. இனி இது திரும்பிப் போற பாதையில நிக்குது.”

நடுவிலிருந்து ஓரம் நோக்கி வெளுத்தது. பழம் வற்றுவது போல வற்றியது. இமை உயர்ந்தது. மூன்று வயதில் இரண்டு கண்ணும் ஒரே அளவு திறந்தன. ரேணுகா பள்ளிக்கூடம் சேரும்போது இமையில் தோல் கொஞ்சம் தளர்ந்திருந்ததே தவிர வேறு அடையாளம் இல்லை. பலகையில் எழுதினதைக் கடைசி வரிசையிலிருந்து படித்தாள்.

நான் வேண்டிக்கொண்ட பால்குடத்தை எடுக்க வேண்டியிருந்தது. செட்டி மக்கள் டத்தோ சாச்சார் என்று கொண்டாடுகிற அந்த அம்மன் திருவிழா ஒவ்வொரு வருஷமும் வந்தது. ஒவ்வொரு வருஷமும் ஏதாவது காரணம் சொல்லித் தள்ளினேன். உண்மைக் காரணம் மீனாச்சி அக்கா. தெளிந்த முகத்தோடு என் மகளை நடத்திக்கொண்டு, தலையில் குடத்தோடு, அவர் வீட்டு வாசல் வழியாக எப்படிப் போவேன்? அவரும் அதே அம்மனைத்தான் கும்பிட்டார். என்னைவிட அதிகமாகக் கும்பிட்டார். வெள்ளிக்கிழமை தவறியதில்லை. என்னை மாதிரி கோயிலுக்கு வெளியே நின்றதில்லை. கேட்கத் துணியாதவளுக்குக் கிடைத்தது, விடாமல் கேட்டவளுக்குக் கிடைக்கவில்லை. ரேணுகாவை அவர் வீட்டுப் பக்கம் விளையாட விடாமல், பின்பக்கமாகவே அனுப்ப ஆரம்பித்தேன். புதுச் சட்டை போட்டால்கூட மறைத்தேன்.

ஒரு நாள் அவரே வந்து வாசலில் நின்றார்.

“உன் மகளை எதுக்கு என்கிட்டேயிருந்து மறைக்கிற? என் கண்ணு பட்டுடும்னு பயமா?”

“ஐயோ இல்லக்கா.”

“அப்புறம்?”

என்னால் மறைக்க முடியவில்லை. “எனக்குக் கொடுத்தா. உங்களுக்குக் கொடுக்கலியே அக்கா.”

அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நானும் அதையே கேட்டு அம்மன்கிட்டச் சண்டை போட்டிருக்கேன். சாந்தியை ஏன் அந்த விளக்குக்குக் கூட்டிட்டுப் போக வச்சன்னு கேட்டேன். பதிலே இல்ல. அன்னிக்கு நீ கோயில்லேருந்து வந்து நின்ன பாரு, அன்னிக்குத்தான் என் வாய் திறந்துச்சு. சாந்தியை முடிய ஒதுக்கச் சொன்னேன். அவ மாட்டேன்னு சொல்லுவான்னு நினைச்சேன். ‘பாப்பாவுக்கு வலிக்கக் கூடாது மாக்’னு சொல்லிட்டு ஒதுக்கினா. அதுக்கப்புறம் அவ முகத்தை மூடுறதையே விட்டுட்டா. நீ கவனிச்சியா?”

நான் கவனிக்கவில்லை. அவளைப் பார்க்காமலிருக்கப் பழகியிருந்தேன்.

“உன் பொண்ணு ரெண்டு கண்ணாலயும் என்னைப் பாக்குறப்பத்தான், என் பொண்ணு பட்ட வலி வீணாப் போகலன்னு எனக்கு மனசு ஆறுது. அந்த ஒண்ணையும் நீ மறைச்சு வச்சா நான் எங்க போவேன்?”

அவர் காலைப் பிடித்து அழுதேன். அந்த வருஷம் பால்குடம் எடுத்தேன். குடத்தைத் தூக்கி என் தலையில் வைத்தது மீனாச்சி அக்கா. எங்களுக்கு முன்னால் சாந்தி, முடியை இழுத்துப் பின்னிக் கட்டிக்கொண்டு, ரேணுகாவின் கையைப் பிடித்து நடந்தாள். ரோட்டோரம் நின்றவர்கள் பார்த்தார்கள். அவளும் அவர்களைப் பார்த்தாள்.

சாந்தி படித்து மலாய்ப் பள்ளியில் ஆசிரியையானாள். தொண்ணூறுகளில் கோலாலம்பூரில் லேசர் என்று ஒரு புது ஒளி வைத்தியம் வந்திருப்பதாக ரேணுகா விசாரித்துச் சொன்னாள். தோலை விட்டுவிட்டு, சிவப்பாக இருக்கும் ரத்தக் குழாயை மட்டும் அந்த ஒளி தேடிச் சுருக்குமாம். சாந்திக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. மீனாச்சி அக்கா இறந்து நாலைந்து வருஷமாகியிருந்தது. சாந்தி உடனே சம்மதிக்கவில்லை. பிறகு ஒரு நாள், “மாமி, நீங்க கூட வர்றதா இருந்தா போகலாம்” என்றாள்.

போனேன். அவள் கண்ணுக்குக் கவசம் வைத்தார்கள். என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். கதவுக்குப் பின்னால் சுண்டுவது மாதிரி ஒரு சத்தம், விட்டு விட்டு வந்தது. ஒரு தாய் அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்த பழைய நாள் என் மனதில் வந்தது. நான் கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். ரேணுகாவுக்காக வேண்டியதுபோல அடிவயிற்றிலிருந்து வேண்டினேன். அப்படி நான் சாந்திக்காக வேண்டியது அதுதான் முதல் தடவை. அது தெரிந்தபோது நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்தவள், “ரப்பர் பட்டையை இழுத்து விட்ட மாதிரி இருந்துச்சு. அவ்வளவுதான் மாமி” என்றாள். பல தடவை போய்வந்தோம். கருஞ்சிவப்பு இளஞ்சிவப்பாயிற்று. முழுவதும் போகவில்லை. வெள்ளைத் தழும்புகள் அப்படியேதான் இருக்கின்றன. இது போதும் என்று நிறுத்திக்கொண்டாள். கண்ணாடி முன்னால் நின்று, “மாக் பாத்திருக்கணும்” என்று ஒரே ஒரு முறை சொன்னாள்.

கிரகணத்தால் கண் கெடவில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். அந்தக் குற்ற உணர்ச்சி போய்விட்டது. மற்றது, சாந்திக்காக வேண்டாமலே இருந்த குற்றம், போகவில்லை. போகவேண்டும் என்று நான் கேட்பதும் இல்லை.

துன்பத்தில் இருக்கிற சகோதரிகளே, அம்மனிடம் கேளுங்கள். தகுதி இல்லை என்று வாசலில் நிற்காதீர்கள், உள்ளே போய்க் கேளுங்கள். முழுவதும் கேட்கத் துணிவில்லையென்றால் ஒரு கீற்றாவது கேளுங்கள். கொடுப்பாள். நான் சாட்சி. கொடுத்த பிறகு பக்கத்தில் திரும்பிப் பாருங்கள். அதே சன்னதியில், அதே கண்ணீரோடு, இன்னும் கிடைக்காமல் ஒருத்தி நின்றுகொண்டிருப்பாள். அவள் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த வேண்டுதல் அவளுக்காக இருக்கட்டும். நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். இப்போது கை கூப்பியதும் முதலில் என் வாயில் வருவது என் மகள் பெயர் இல்லை. மீனாச்சி என்றுதான் வருகிறது.